நான்கு கடை, ஒரே சரக்கு

ஆகஸ்ட் 19, திங்கள்

பஞ்சாயத்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமனார் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கரூரில் பெட்ஷீட் வியாபாரம் செய்த மனுஷன் விட்டுப்போனது இந்தக் கட்டடம்தான். கீழே குடோன், மேலே இரண்டு வீடு. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணியும். மகள் மிருதுளா நாமக்கல்லில் ஹாஸ்டலில் படிக்கிறாள். எதிர்வீடான மற்றொன்றில் கொழுந்தன் நந்தகோபாலும் அவன் மனைவி ஹேமலதாவும்.

ஈரோட்டுப் பெரிய மாமா தீர்ப்பு சொன்னார். பாகம் பிரிக்கும்வரை குடோன் சரக்கு பொது. ஆன்லைனில் இருக்கிற நான்கு கடைகளில் அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு. யாருக்கு ஆர்டர் வருகிறதோ அவர்கள் எடுத்து அனுப்பிக்கொள்ளட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். ஆறு பெட்ஷீட் இருந்தால் நான்கு கடையிலும் ஆறு என்றுதான் காட்டும். நான்கு பக்கமும் ஆட்கள் வாங்கினால் இல்லாத பெட்ஷீட்டுக்கு எங்கே போவது? ஒன்றில் விற்ற நிமிஷமே மற்ற மூன்றிலும் குறைக்க வேண்டும். அதற்கு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள வேண்டும். கருமாதி விருந்தில் செம்பை எடுத்து எறிந்துகொண்டதற்குப் பிறகு இருவரும் முகம் பார்ப்பதில்லை.

இதைக் கேட்டேன். "நீ டம்ளரை எடுத்துட்டு உள்ள போ" என்றார் இவர். இவருடைய கடைகளில் படம் ஏற்றி, விலை போட்டு, எண்ணிக்கை மாற்றுவது எல்லாம் நான்தான். நந்தனுக்கு ஹேமா.

சாயங்காலம் இவர் குடோன் நடுவே சுண்ணாம்பில் கோடு கிழித்தார். சரக்கு பொதுதான். ஆனாலும் கோடு.

ஆகஸ்ட் 24, சனி

நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட் ஐந்துதான் பாக்கி. எனக்கு நான்கு ஆர்டர் வந்துவிட்டது. ஹேமாவுக்கு மூன்று. அங்கமுத்து, மாமனார் காலத்திலிருந்து பார்சல் கட்டுகிறவர், முதலில் கேட்ட எனக்குக் கட்டிவிட்டார்.

நந்தன் வந்து பார்த்தான். கையில் பார்சல் ஒட்டுகிற இரும்பு டேப் மெஷின் இருந்தது. அதாலேயே அங்கமுத்துவின் வாயில் அடித்தான். பல் இரும்பில் பட்ட அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. ரத்தத்தோடு பல் ஒன்று பெட்ஷீட் மேல் விழுந்தது.

இவர் படியில் பாய்ந்து இறங்கினார். "என்ற ஆள் மேலயாடா கை வெக்கிற?" என்று நந்தனின் தலைமுடியைப் பிடித்து ரேக்கில் மோதினார். மறுபடி மோதினார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். யாருக்காக என்று சண்டை தொடங்கியதோ அந்த மனிதர் தனியாகத் தரையில் உட்கார்ந்து துண்டில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். நானும் ஹேமாவும்தான் தண்ணீர் கொடுத்தோம்.

"இனி வரமாட்டனுங்கம்மா" என்றார் அங்கமுத்து. பாதி வார்த்தை காற்றாகப் போனது.

பெட்ஷீட்டைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தேன். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை போகவே போகாது. இரண்டு பக்கமும் ஆர்டர் கேன்சல். அப்புறம் வீட்டில் இவருக்குக் கோபம். முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25

முழங்கை மடங்கவில்லை. தைலம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஹேமா வந்தாள். பஞ்சாயத்துக்குப் பிறகு அவளோடு பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். என் பெட்ஷீட்டுக்கு மறுபக்கம் நின்றுகொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். திட்டக்கூடாது."

"சொல்லு கண்ணு."

"அவிய ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. நாம பேசிக்கலாமில்ல? எனக்கு ஒண்ணு வித்தா உங்களுக்கு மெசேஜ் போடறேன். நீங்க உங்க கடையில குறைச்சுடுங்க. உங்களுக்கு வித்தா எனக்குப் போடுங்க. கணக்கு சரியா இருந்தா அடிச்சுக்க அவியளுக்குக் காரணமே இருக்காதில்ல?"

"தெரிஞ்சா கொன்னுருவாங்க."

"தெரியாதப்ப மட்டும் சும்மாவா இருக்காங்க?" என்றாள். காற்றில் பெட்ஷீட் விலகியது. அவள் என் முழங்கையைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து மூடினேன். அவள் கழுத்தில் நகம் கீறிய தடம் இருந்தது. "சரி, மெசேஜ் போடு" என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஹேமாவும் நானும் சரக்குக்கு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டோம். சிவப்புத் துண்டு என்றால் தக்காளி. நீலம் கத்தரிக்காய். வெள்ளை முள்ளங்கி. "அக்கா, தக்காளி ரெண்டு" என்று வரும். நான் உடனே இரண்டைக் குறைப்பேன்.

"எந்நேரமும் என்ன காய்கறிக் கணக்கு?" என்று இவர் போனை எட்டிப் பார்த்தார்.

"சந்தையில விலை ஏறிடுச்சாமா."

உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தபோது ஹேமாவின் செய்தியைப் பார்க்காமல் விட்டேன். ஒரு முள்ளங்கி இரண்டு இடத்தில் விற்றுவிட்டது. என் காசில் வெளியே வாங்கி அனுப்பினேன். 

செப்டம்பர் 10, செவ்வாய்

ஹேமா ஒரு சாஃப்ட்வேர் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லாக் கடைகளையும் அதில் சேர்த்துவிட்டால், ஒன்றில் விற்றதும் மற்றவற்றில் அதுவே குறைத்துவிடுமாம். இரண்டு வீட்டுப் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் போட வேண்டும். போட்டுவிட்டோம். 

சுலபமான வேலையில்லை. ஒரே பெட்ஷீட்டுக்கு நான்கு கடையில் நான்கு பெயர். நான் 'நீலக் கட்டம்' என்று வைத்ததை அவள் 'கடல் அலை' என்று வைத்திருக்கிறாள். மிஷினுக்கு இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒரு எண் கொடுத்து, இது அதுதான் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆண்கள் இரண்டு பேரும் வெளியே போன மத்தியானங்களில் குடோனில் உட்கார்ந்து எண்ணினோம். சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே பாய் விரித்துக்கொண்டோம்.

"கடல் அலையா? கரூர்ல ஏது கண்ணு கடல்?"

"அமராவதி ஆத்துல தண்ணி வந்தா கடல்தானுங்கக்கா."

வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போன். ஹேமா பக்கம் ஒரு துண்டு விற்றது. என் கடையில் எண்ணிக்கை தானாக ஒன்று இறங்கியது. யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் பார்க்கக்கூட இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான்.

"பாத்தியா, தம்பி அடங்கிட்டான். அன்னைக்குக் குடுத்த அடி அப்படி" என்கிறார் இவர். எதிர்வீட்டில் நந்தனும் இதையே சொல்கிறானாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மிருதுளா போன் செய்தாள்.

"அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி பிடிச்சிருக்கு கண்ணு."

"அப்பா அடிச்சாரா?"

"படிக்கிற வேலையைப் பாரு."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. வார்டன் கூப்பிட்டதும்தான் வைத்தாள்.

ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அவ்வளவுதான். இன்றைக்கு நான்கு கடையிலும் கணக்கு ஒரு துண்டுகூடப் பிசகவில்லை. அப்படியும்.

செப்டம்பர் 27, வெள்ளி

பண்டிகைத் தள்ளுபடி விற்பனை ஆரம்பம். நான் சமையலறையில் இருந்தபோது இவர் லேப்டாப்பைத் திறந்து நீலக் கட்டத்தின் எண்ணிக்கையை ஐந்நூறு என்று மாற்றியிருக்கிறார். குடோனில் அதில் கால்வாசிகூடக் கிடையாது. நிறைய இருப்பதாகக் காட்டினால் ஆன்லைன் தளத்தில் முன்னால் தெரியும், தம்பி பின்னுக்குப் போய்விடுவான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சாஃப்ட்வேர் அதை உண்மையான எண்ணிக்கைக்கு இறக்கிவிட்டது. இவர் மறுபடி ஐந்நூறு போட்டார். மறுபடி இறங்கியது.

"எவனோ உள்ள பூந்து குறைக்கறான்!" என்று கத்தினார். "அவன்தான். அந்த நாய்தான்."

 சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் பின்னால் ஓடினேன். நந்தன் குனிந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து முதல் அடி தோளில். சுள்ளி முறிகிற மாதிரி சத்தம். அவன் விழுந்தான். விழுந்தவன் கையிலேயே அடுத்த அடி. "கையை வெச்சுத்தானேடா குறைக்கற?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நந்தன் மற்ற கையால் அட்டை அறுக்கிற கத்தியை வீசினான். இவர் கன்னம் காதோரத்திலிருந்து தாடைவரை வாய் மாதிரி பிளந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த வெள்ளைத் துண்டெல்லாம் சிவப்பு.

ஹேமா நந்தன் மேல் குப்புற விழுந்து மறைத்தாள். அவள் முதுகிலும் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது ஹேமா என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியும் எண்ணிக்கையைக் குறைத்தது யார் என்று. நாங்கள் போட்ட மிஷின் பொய் சொல்ல மறுத்துவிட்டது.

அக்டோபர் 1, செவ்வாய்

பெரிய மாமா சொன்னதால் யாரும் போலீசுக்குப் போகவில்லை. நந்தன் கையில் கட்டோடு வந்தான். ஆஸ்பத்திரியில் படுத்தபடி ஹேமாவின் போனை நோண்டியிருக்கிறான். நான்கு கடையும் ஒரே திரையில் இருப்பதைப் பார்த்துவிட்டான். தெருவில் நின்று கத்தினான்.

"டேய் சிகாமணி! உன்ற பொண்டாட்டி யாருக்கு வேலை பாக்கறான்னு கேளுடா! ரெண்டு பேரும் சேர்ந்து நம்மளைப் பொம்மையாட்டம் ஆட்டியிருக்காங்கடா!"

கருமாதிச் சண்டைக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது.

எதிர்வீட்டில் ஹேமாவின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு என் சத்தம் கேட்டிருக்கும்.

இடது காதில் கொய்ங் என்று ஓயாமல் ஒரு சத்தம். சளி இறங்கியிருக்கும்.

அக்டோபர் 3

சளி இல்லை. எனக்குத்தானே எழுதுகிறேன், எதற்கு இந்தப் பொய். இவர் அறைந்தார். காதோடு சேர்த்து, திரும்பத் திரும்ப. முழங்கையும் கதவு இல்லை.

அக்டோபர் 9, புதன்

இவர் தன் இரண்டு கடைகளையும் சாஃப்ட்வேரிலிருந்து பிடுங்கிவிட்டு, இருக்கிற பொருளுக்கெல்லாம் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டார். ஆர்டர் மழை மாதிரி கொட்டியது. இரண்டு நாள் ராஜா மாதிரி நடந்தார். சரக்கு தீர்ந்ததும் கேன்சல் மேல் கேன்சல். இன்றைக்கு இரண்டு தளமும் கணக்கை முடக்கிவிட்டன. மேல்முறையீடு எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் வரவில்லை.

நேற்று நந்தன் தன் காசில் வாங்கிய புதுச் சரக்கு இறங்கியது. அவன் பக்கம் மட்டும் பார்சல் போகிறது. கை உடைந்தவன் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிறான். கட்டுவதெல்லாம் ஹேமா.

"எனக்கில்லாத சரக்கு அவனுக்கு எதுக்கு?" என்றார் இவர், சாப்பிட்டுக்கொண்டே. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

அரசு ஆஸ்பத்திரி, தீக்காய வார்டு. என் வலது உள்ளங்கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. மத்தியானமே குடோனில் விளக்கேற்றி, பொரிகடலை வைத்துக் கும்பிட்டாகிவிட்டது. நந்தன் தூங்கப் போய்விட்டான். ஹேமா மட்டும் கீழே மீதிப் பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் மொட்டை மாடிக்கு வடகத்தைத் திருப்பிப் போட வந்தேன்.

பெட்ரோல் வாடை வந்து எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோலை ஒரு கேனில் பிடித்திருந்தார். குடோன் வாசலுக்கு உள்பக்கம் அடுக்கியிருந்த துணிப் பேல்கள் மேல் ஊற்றினார். தலையை நீட்டி உள்ளே பார்த்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். உள்ளே பார்த்தார், ஹேமா இருப்பது தெரிந்தது, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். பிறகு கொக்கிக் கம்பியால் ஷட்டரை இழுத்து இறக்கினார்.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஷட்டருக்குக் கீழே புகை தரையோடு வழிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஹேமா தகரத்தைத் தட்டினாள். "அக்கா! அக்கா!" என்றுதான் கூப்பிட்டாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

"போடி மேல" என்று சிகாமணி என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். கழுத்து பின்னால் வளைந்தது. "ஒருத்தி போனா இன்னொருத்தி ஒழுங்கா இருப்பா."

அவன் கையிலிருந்த கம்பியைப் பிடித்தேன். எங்கிருந்து பலம் வந்ததோ, பிடுங்கிவிட்டேன். முதல் அடி அவன் முட்டியில். விழுந்தான். அடுத்தது தையல் போட்ட கன்னத்தில். அது மறுபடி பிளந்தது. இன்னும் ஒன்று அடித்தேன். அது தேவையில்லை. அவன் அப்போதே எழ முடியாமல்தான் கிடந்தான். ஆனாலும் அடித்தேன்.

கொக்கியை மாட்டி ஷட்டரைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. கையைக் கொடுத்துத் தள்ளினேன். தகரத்தில் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது. தீ வாசல் முழுக்க நின்றது. ஹேமா ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே பாய்ந்து வந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருந்தது. சேலை முனை எரிந்துகொண்டிருந்தது. தெருவில் உருட்டினேன்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் எல்லாம் போய்விட்டது. பெட்ஷீட், துண்டு, கோடு எல்லாம். தெருவே கூடி நின்று பார்த்தது. அப்போது ஹேமாவின் இடுப்பில் செருகியிருந்த போன் டிங் என்றது. ஆர்டர். மறுபடி டிங். யாரோ எங்கோ உட்கார்ந்து, எரிந்துகொண்டிருக்கிற பெட்ஷீட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா" என்றாள் ஹேமா.  "ஸ்டாக்கை சைபர் பண்ணுங்க."

"அது கிடக்கட்டும் கண்ணு."

"பண்ணுங்கக்கா. பாவம், அவிய காத்துட்டிருப்பாங்க."

போனை எடுத்தேன். வெந்த விரலைத் திரை அடையாளம் காணவில்லை. இடது கைக்கு மாற்றி, ஒவ்வொன்றாக சைபர் போட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பெரிய மாமா வந்தார். சிகாமணியை மாடி வார்டில் வைத்திருக்கிறார்கள். முட்டியில் கட்டு. நந்தன் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்து ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் வாயைத் திறக்க, தம்பி ஊட்டினான். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"பூஜை கற்பூரம் துண்டு மேல விழுந்து பத்திக்கிச்சு. அவ்வளவுதான் யசோதா" என்றார் மாமா. "ரெண்டு பேரும் போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்காங்க. இன்சூரன்ஸ் வரணுமில்ல? நீயும் அதையே சொல்லிரு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும், அதான் முக்கியம்."

"ஹேமா உள்ள இருந்தா மாமா. பார்த்துட்டுத்தான் ஷட்டரை இறக்கினாரு."

"பொம்பளைங்க குறுக்க பூந்ததாலதான் இவ்வளவும். இப்பப் பாரு, அண்ணன் தம்பி ஒண்ணாயிட்டாங்க. இதையும் கெடுத்துராத."

நந்தன் தலை நிமிரவில்லை. ஆரஞ்சு கொட்டையைத் துப்ப அண்ணனுக்கு உள்ளங்கையை நீட்டினான்.

மத்தியானம் மகளிர் போலீஸ் எஸ்.ஐ. வந்தார். வராந்தாவில் உட்கார வைத்துக் கேட்டார். எனக்கு இடது காது சரியாகக் கேட்காது, இந்தப் பக்கம் உட்காருங்க மேடம் என்றேன். ஏன் கேட்காது என்றார்.

அங்கிருந்தே ஆரம்பித்தேன். பெட்ரோல் கேன், தீக்குச்சி, ஷட்டர் வரைக்கும் சொன்னேன். நான் அடித்ததையும் சொன்னேன், தேவையில்லாமல் அடித்த அந்தக் கடைசி அடி உட்பட.

"அதுக்கு உங்க மேலயும் கேஸ் வரலாம்மா" என்றார்.

"வரட்டுங்க மேடம்."

மிருதுளாவுக்குப் போன் செய்தேன். "ஆமா கண்ணு, அடிச்சாரு" என்றேன்.  அவள் இன்றைக்கே பஸ் ஏறுகிறாள்.

அக்டோபர் 16, புதன்

காலையில், மிருதுளா டீ வாங்க வெளியே போயிருக்க, ஹேமாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது நந்தன் வந்தான். என்னைப் பார்க்காமல் கட்டிலின் மறுபக்கம் நின்றான்.

"போலீஸ் இன்னைக்கு உன்னைக் கேக்க வருவாங்க. கற்பூரம்னு சொல்லிரு. அண்ணி என்னமோ உளறி வெச்சிருக்காங்க. நீ நம்ம பக்கம் சரியாச் சொன்னாப் போதும்."

ஹேமா மென்று முழுங்கினாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"அக்கா என்ன சொல்லியிருக்காங்களோ அதுதான் நான் சொல்றதும். கேக்காமயே சொல்லுவேன். நான் உள்ள இருந்து பாத்தனுங்க. ஷட்டர் இறங்கும்போது உங்க அண்ணன் மூஞ்சி தெரிஞ்சுது."

நந்தன் நல்ல கையைத் தூக்கினான். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அவன் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனான். மாடிப்படி ஏறுகிற சத்தம் எனக்கு ஒரு காதில்தான் கேட்டது.

"இன்னொரு இட்லி வெக்கட்டுமா?"

"வேண்டாங்கக்கா. மூக்கு அரிக்குது."

சொறிந்துவிட்டேன். "அங்க இல்ல, கொஞ்சம் மேல" என்றாள்.